வாடகை மோட்டார்ஹோம்: வால் இடிக்காமல் திருப்பியது எப்படி

படுக்கை, சமையலறை, தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ள வீடு போன்ற வண்டியான மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் பெட்ரோல் பங்க்கிலிருந்து இடதுபக்கம் திருப்பும்போது வண்டியின் பின்மூலை வலப்பக்கத் தூணை உரசப் பார்த்தது. காரணம் எளிது: பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீளமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் அந்த வால் எதிர்ப்பக்கம் வீசும்.

சரிசெய்த விதம் இது. காலி மைதானத்தில், தரையில் போட்ட கோட்டை ஒட்டி, பக்கவாட்டுச் சுவர் கோட்டுக்கு நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்தினேன். ஸ்டியரிங்கைக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் நகர்த்தினேன். கூட வந்தவர் தள்ளி நின்று, பின்மூலை கோட்டைத் தாண்டிய தூரத்தைச் சாக்பீஸால் குறித்தார். டேப்பில் அளந்தால் அதுதான் அந்த வண்டிக்கு எப்போதும் விட வேண்டிய இடைவெளி; கூடவே ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். தூணை ஒட்டி நின்றால் முதலில் நேராக முன்னே போய், வால் தூணைக் கடந்த பிறகே ஒடிக்க வேண்டும். கண் எதிர்ப்பக்கக் கண்ணாடியிலும் இருக்கட்டும்.

உயரத்தையும் கூரை ஏசியோடு சேர்த்துக் கேட்டு, தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். தாழ்வான பாலத்தின் முன்னால் ஞாபகத்தை நம்பக்கூடாது.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் டேங்க் நிரம்பினால் 100 கிலோ கூடும், பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். இல்லையென்றால் பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விடும்.