இரண்டே வீடு அளந்த கவுன்டியை என்ன செய்வது? பல்நிலை மாதிரி, படிப்படியாக

மண்ணிலுள்ள யுரேனியம் சிதையும்போது உருவாகும் ரேடான் வாயு, நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 85 கவுன்டிகளை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) சேர்ந்த 919 வீடுகளில் அதை அளந்த தரவு இருக்கிறது. குழுக்களுக்குள் அடங்கிய தரவை இரு நிலைகளிலும் சேர்த்து ஆராயும் பல்நிலைப் பகுப்பாய்வைத் தொடங்க இதைவிட நல்ல தரவு எனக்குத் தெரியாது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் அதன் எல்எம்இ4 (lme4) தொகுப்பும் போதும்.

படி 1: எது எதற்குள் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே கவுன்டிக்குள் வீடுகள். செயின்ட் லூயிஸ் கவுன்டியில் 116 வீடுகள். லாக் கி பார்லில் வெறும் 2. ரேடான் அளவு ஒரு பக்கமாக நீண்டு பரவுவதால் இயல் மடக்கை (அடிமானம் e) எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வேறு மாறி எதுவும் சேர்க்காமல், கவுன்டிக்கு ஒரு வெட்டுத்துண்டு (அதன் அடிப்படை அளவு) மட்டும் கொடுத்து மாதிரியைப் பொருத்துங்கள். கவுன்டிகளுக்கு இடையே திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவல்) 0.31, கவுன்டிக்குள் 0.80. இரண்டையும் வர்க்கப்படுத்தி, முதலாவதைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.13, அதாவது மொத்த வேறுபாட்டில் 13% கவுன்டிகளுக்கு இடையிலானது. சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். இதைக் கவனிக்காமல் சாதாரண ரிக்ரெஷன் போட்டால், கவுன்டி அளவிலான மாறிகளின் திட்டப்பிழை (மதிப்பீட்டின் நிச்சயமின்மை) உண்மையைவிடச் சிறியதாக வந்து, இல்லாத உறுதியைக் காட்டும்.

படி 3: அளந்த தளத்தைச் சேருங்கள்: பேஸ்மென்ட் 0, தரைத்தளம் 1. கெழு −0.69. மடக்கையைத் திருப்பினால் ஏறக்குறைய 0.5, அதாவது தரைத்தள அளவு பேஸ்மென்ட்டில் பாதி. திட்டவிலக்கங்கள் இப்போது 0.33, 0.76.

படி 4: இதுதான் முறையின் உயிர், நிதானமாகப் படியுங்கள். லாக் கி பார்லின் இரண்டு வீடுகளிலும் ரேடான் அதிகம். அதை அப்படியே நம்பலாமா? சிறிய கவுன்டி என்று தூக்கிப் போடலாமா? இரண்டும் வேண்டாம். மாதிரி அதை மாநிலச் சராசரியை நோக்கி இழுக்கிறது. எவ்வளவு என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். 0.76-ன் வர்க்கத்தை 0.33-ன் வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 5.3. வீடுகளின் எண்ணிக்கையை, அதனுடன் 5.3 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது, அந்தக் கவுன்டியின் சொந்தச் சராசரிக்கு (தளத்துக்குச் சரிசெய்தது) மாதிரி தரும் எடை. லாக் கி பார்லுக்கு 2/7.3, அதாவது 27%. செயின்ட் லூயிஸுக்கு 116/121.3, கிட்டத்தட்ட 96%. தரவு நிறைய உள்ள இடம் தன் குரலிலேயே பேசுகிறது. குறைவாக உள்ள இடம் மற்ற கவுன்டிகளிடம் கடன் வாங்குகிறது.

படி 5: சரி, கவுன்டிகள் ஏன் வேறுபடுகின்றன? கவுன்டி மண்ணின் யுரேனிய அளவை மேல்நிலை மாறியாகச் சேருங்கள். கவுன்டிகளுக்கு இடையிலான திட்டவிலக்கம் 0.33-லிருந்து 0.16 ஆகிவிடும், வீட்டு நிலையில் 0.76 அப்படியே நிற்கும். வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாட்டை மண் தரவால் விளக்க முடியாது, அதற்கு வீட்டைப் பற்றிய மாறிகள் வேண்டும்.