மூடிய லேப்டாப் பைக்குள் சூடாகிறதா? லினக்ஸில் பவர், ஃபர்ம்வேர் கோளாறுகளைப் பிடிக்கும் முறை

ஓசூரில் வேலை முடிந்து லேப்டாப்பை மூடிப் பைக்குள் போட்டுவிட்டுத் தருமபுரி பஸ் ஏறுகிறீர்கள். இறங்கும்போது பை சுடுகிறது, 80% இருந்த சார்ஜ் பாதியாகிவிட்டது. உபுண்டு, மின்ட், டெபியன் எது போட்டாலும் புதியவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இதுதான். “லினக்ஸ் போட்டா பேட்டரி நிக்காதுங்க, விண்டோஸ் போட்டுக்கோங்க” என்பார் சர்வீஸ் கடைக்காரர். அதற்கு முன் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கினால் கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பேட்டரியும் அடாப்டரும் சரியென்றால் கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: மதர்போர்டில் உள்ள பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் ஃபர்ம்வேர், அதாவது சிப்பிலேயே பதிந்த மென்பொருள்), லினக்ஸ் கெர்னல் (ஹார்ட்வேரை ஆளும் மையப் பகுதி), அல்லது டெஸ்க்டாப் செட்டிங்ஸ். எது என்று தெரியாமலே இணையத்தில் கண்ட கெர்னல் பாராமீட்டரையெல்லாம் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் உத்தரவுகள்) ஒட்டிவைத்தால் புதுக் கோளாறுதான் சேரும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததும் அளந்து பாருங்கள்.

கட்டளைகளைக் கீழே தமிழ் உச்சரிப்பில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. முதலில் பேட்டரியையும் அடாப்டரையும் சந்தேகப்படுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கம்பெனி லேப்டாப்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் நிறையப் புழங்குகின்றன. அவற்றில் பாதிக் கோளாறு வயதான பேட்டரிதான். ‘பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற ஆப்பைத் திறந்து (இல்லையென்றால் சாஃப்ட்வேர் சென்டரில் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்) இரண்டு எண்களைப் பாருங்கள்: பேட்டரி புதிதில் எத்தனை வாட்-அவர், இப்போது முழுச் சார்ஜில் எத்தனை வாட்-அவர். 50 இருந்தது 38 ஆகியிருந்தால் 76%, பரவாயில்லை. 20 வாட்-அவருக்குக் கீழே போயிருந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, பேட்டரியை மாற்றுங்கள்.

அதே ஆப்பில் ‘ரேட்’ என்ற இடத்தில் இப்போது எத்தனை வாட் செலவாகிறது என்று தெரியும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, எதையும் ஓட்டாமல் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சாதாரண 14 அங்குல லேப்டாப்பில் 4 முதல் 8 வாட்டுக்குள் இருந்தால் நல்லது. 38 வாட்-அவர் பேட்டரியில் 7 வாட் செலவென்றால் கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரம் தாங்கும். சும்மா இருக்கும்போதே 14 வாட் காட்டினால் ஏதோ ஒன்று பின்னால் ஓடுகிறது. பெரும்பாலும் தூங்காமல் விழித்திருக்கும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, இல்லையென்றால் பிரவுசர். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் எடுக்கும் நாள் இந்த அளவீட்டுக்கு வசதியான நாள்.

அடாப்டர் விஷயம் பலருக்குத் தெரியாது. டெல் லேப்டாப்களின் உருண்டைப் பின்னுக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். ‘நான் 65 வாட் அடாப்டர்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். டூப்ளிகேட் அடாப்டரிலோ ஊசி வளைந்தாலோ பயாஸ் அதை அடையாளம் காணாது. அப்போது பேட்டரி சார்ஜ் ஏறாது, ப்ராசஸரின் வேகத்தையும் பயாஸே இழுத்துப் பிடித்துவிடும். பழி மட்டும் லினக்ஸ் மேல் விழும். பயாஸ் திரைக்குள் போய் அடாப்டர் வகை என்ன காட்டுகிறது என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. உண்மையில் தூங்கியதா?

இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. லேப்டாப்பை மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, டெர்மினலில் இதை அடியுங்கள்:

ஜர்னல்சிடிஎல் -பி -கே

இது கெர்னலின் நாட்குறிப்பு. இதில் ‘பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி’, ‘பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட்’ என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். முதலாவது தூங்கப் போனது, இரண்டாவது எழுந்தது. மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

என்ட்ரி வரியே இல்லை: லேப்டாப் தூங்கவே இல்லை. கோளாறு டெஸ்க்டாப் செட்டிங்ஸில். ‘சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்’ என்று அடித்தால் தூக்கத்தைத் தடுக்கும் ஆப் எது என்று பெயரோடு சொல்லும். வெளி மானிட்டர் செருகியிருக்கும்போது மூடினால் தூங்காமல் இருப்பது இயல்பான அமைப்பு. அது கோளாறு அல்ல.

என்ட்ரி வந்த சில நொடியில் எக்ஸிட்: தூங்கப் போனதை யாரோ எழுப்பிவிட்டார்கள். வயர்லெஸ் மவுஸின் யூஎஸ்பி டாங்கிளைக் கழற்றாமல் பைக்குள் போட்டால் பஸ் ஆடும் ஆட்டத்தில் மவுஸ் அசைந்து எழுப்பும். ‘கேட் /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப்’ என்று அடித்தால் எழுப்பும் உரிமை உள்ள சாதனங்களின் பட்டியல் வரும். யூஎஸ்பிக்கு அங்கே பெரும்பாலும் எக்ஸ்எச்சி என்று பெயர். அதை நிறுத்த:

எக்கோ எக்ஸ்எச்சி | சுடோ டீ /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப்

இந்த எக்ஸ்எச்சி மட்டும் பெரிய எழுத்தில். இதே கட்டளையை மறுபடி அடித்தால் திரும்ப இயங்கத் தொடங்கும், ரீஸ்டார்ட் செய்தாலும் பழையபடி ஆகிவிடும். அதனால் தைரியமாகச் சோதிக்கலாம்.

என்ட்ரிக்கும் எக்ஸிட்டுக்கும் நடுவே முழு ஒரு மணி நேரமும் இருக்கிறது, ஆனால் சார்ஜ் கரைந்திருக்கிறது: பேர்தான் தூக்கம். இது பயாஸும் கெர்னலும் சேர்ந்த கோளாறு.

3. ஆழ்ந்த தூக்கமா, கண் மூடிய நடிப்பா

எந்த வகைத் தூக்கம் என்று பார்க்க டெர்மினலில் இதை அடியுங்கள்:

கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்

விடை ‘எஸ்2ஐடில் [டீப்]’ என்று வந்தால் இரண்டு வகைத் தூக்கம் உண்டு, அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பது. டீப் என்பது பழைய எஸ்3 முறை: ரேமுக்கு மட்டும் கரண்ட், மற்றதெல்லாம் நிறுத்தம். எஸ்2ஐடில் என்பது செல்போன் போல எல்லாம் அரைத்தூக்கத்தில் இருக்கும் முறை. விண்டோஸின் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’க்காக வடிவமைத்த லேப்டாப்களில் இதுதான். புதிய மாடல்கள் பலவற்றில் டீப் இருக்கவே இருக்காது. பயாஸே அதை எடுத்துவிட்டது, கெர்னலால் உண்டாக்க முடியாது.

டீப் இருந்தும் எஸ்2ஐடில் தேர்வாகியிருந்தால், முதலில் ஒரு தடவைக்கு மட்டும் சோதியுங்கள். பூட் ஆகும்போது எஸ்கேப் அழுத்தி க்ரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) மெனு வந்ததும் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்’ சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். தூங்கி எழுந்ததும் திரை, வைஃபை, டச்பேட் மூன்றும் வேலை செய்தால் மட்டும் ‘/இடிசி/டிஃபால்ட்/க்ரப்’ ஃபைலில் எழுதி ‘சுடோ அப்டேட்-க்ரப்’ அடியுங்கள். நேரடியாக ஃபைலில் எழுதிவிட்டுத் திரை எழாமல் தவிப்பதைவிட இது மேல். சில திங்க்பேட்களில் பயாஸுக்குள் பவர் பகுதியில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்றே ஒரு தேர்வு உண்டு. அதை லினக்ஸ் என்று மாற்றினால் டீப் வந்துவிடும்.

எஸ்2ஐடில் மட்டுமே இருந்தால் அது உண்மையிலேயே ஆழத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். சமீபத்திய கெர்னல்களில் ‘/சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்/லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப்’ என்ற ஃபைல் இருக்கும். கடைசித் தூக்கத்தில் ஹார்ட்வேர் ஆழத்தில் இருந்த நேரம் அதில் மைக்ரோ செகண்டில் வரும். இரண்டு மணி நேரம் மூடியிருந்தால் கிட்டத்தட்ட 720 கோடி காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஏதோ ஒரு சாதனம் பிடித்து வைத்திருக்கிறது; எஸ்எஸ்டி, எஸ்டி கார்டு ரீடர், வைஃபை மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். கார்டு ரீடரைப் பயாஸிலேயே அணைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ராத்திரி எட்டு மணி நேரத்தில் 8% வரை குறைவது சகஜம். 25% குறைந்தால் விடக்கூடாது.

4. பயாஸ் அப்டேட்

எஸ்2ஐடில் கோளாறுகளில் கணிசமானவை தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட்டிலேயே சரியாகின்றன. லெனோவோ, டெல், எச்பி ஆகியவற்றின் பல மாடல்களுக்கு லினக்ஸிலிருந்தே போடலாம். கட்டளையின் பெயர் எழுத்தெழுத்தாக: எஃப்-டபிள்யூ-யு-பி-டி-எம்-ஜி-ஆர். அதோடு ஓர் இடம் விட்டு முதலில் ‘ரெஃப்ரெஷ்’, பிறகு ‘கெட்-அப்டேட்ஸ்’, கடைசியில் ‘அப்டேட்’. டெர்மினல் பிடிக்காதவர்கள் க்னோமின் ‘ஃபர்ம்வேர்’ ஆப்பைப் பயன்படுத்தலாம். திங்க்பேட்டில் அப்டேட் ஏற மறுத்தால் பயாஸுக்குள் ‘விண்டோஸ் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அப்டேட்’ என்ற தேர்வை ஆன் செய்யுங்கள். பேரில் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸுக்கும் அதுதான் கதவு.

அப்டேட் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே செத்துப்போகலாம். பேட்டரி 50%-க்கு மேல் இருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். பேட்டரி செத்த லேப்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். மழையும் காற்றுமாக இருக்கும் சாயங்காலமும் வேண்டாம். திரை கறுப்பாகி விசிறி வேகமாகச் சுற்றினாலும் பவர் பட்டனை அழுத்தாமல் 15 நிமிடம் பொறுங்கள்.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்குமுன் பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். மேலே சொன்ன பயாஸ் மாற்றங்களில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது.

5. சின்னச் சின்ன விஷயங்கள்

சார்ஜைச் சேமிக்கும் மென்பொருள்களான டிஎல்பி, பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன் இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள். ஒன்று போட்டதை மற்றது மாற்றும். புதியவர்களுக்கு உபுண்டுவோடு வரும் இரண்டாவதே போதும். கரண்ட் செலவை அளக்கும் பவர்டாப்பில் ‘ஆட்டோ-ட்யூன்’ போட்ட பிறகு மவுஸ் நின்று நின்று நகர்ந்தால் காரணம் அதுவே.

பூட் ஆகும்போது ‘ஏசிபிஐ எரர்’ என்று சிவப்பு வரிகள் ஓடினால் பயப்பட வேண்டாம். பயாஸ் எழுதியவர்கள் விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டு விட்ட ஓட்டைகள் அவை, பெரும்பாலும் தீங்கில்லாதவை. வைஃபையே வரவில்லை, கெர்னல் குறிப்பில் ‘ஃபர்ம்வேர்’ ஃபைல் ஏற்ற முடியவில்லை என்றால் அது பயாஸ் சமாச்சாரம் அல்ல. வைஃபை சிப்புக்கான ஃபைல் இல்லை, அவ்வளவுதான். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இவை இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வருகின்றன.

சும்மா இருக்கும்போது திடீரென்று உறைந்து, எஸ்எஸ்டி பிழை காட்டினால் ‘என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0’ என்பதை க்ரப்பில் ஒரு தடவைக்குச் சோதியுங்கள். எஸ்எஸ்டி ஆழ்ந்து தூங்குவதை இது நிறுத்தும்; சார்ஜ் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள் சார்ஜை 80%-இல் நிறுத்துங்கள், சித்திரை வெயிலில் முக்கியமாக. திங்க்பேட், ஆசஸ் போன்றவற்றில் ‘/சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/சார்ஜ்_கன்ட்ரோல்_எண்ட்_த்ரெஷோல்ட்’ ஃபைலில் 80 என்று எழுதினால் போதும். பாதையில் உள்ள ‘பேட்’ மட்டும் பெரிய எழுத்தில்.

பவர் பட்டன் அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை, அல்லது சார்ஜ் ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் மதர்போர்டின் சிறு கன்ட்ரோலர் மாட்டிக்கொண்டிருக்கும். சார்ஜரைக் கழற்றுங்கள், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும். பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள்.

எஸ்2ஐடில் எதற்கும் மசியவில்லை என்றால் பஸ் ஏறுமுன் ஷட்டவுன் செய்வதே நல்லது. ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுவதும் அணைவது) வேண்டுமென்றால் ரேம் அளவுக்காவது ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) இருக்க வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பயாஸ் பாதுகாப்பு) ஆன் ஆகியிருந்தால் உபுண்டு, ஃபெடோரா கெர்னல்கள் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை.