தெலுக் ஆயரில் கடல் எதுவரை இருந்தது? பழைய வரைபடத்தை வைத்து நீங்களே அளக்கலாம்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா வாசலில் நின்றால், சுற்றிலும் வானுயர் கட்டடங்கள்தான். 1830இல் அதைக் கட்டி முடித்தபோது எதிரே கடல். கரை எவ்வளவு தள்ளிப்போனது என்று பார்க்க கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். அது இலவசம்.

முதலில் வரைபடம். அங்கே கடலை நிரப்பி நிலமாக்கும் நிலமீட்பு 1879இல் தொடங்கியது. அதற்கு முந்தியதாக, அளந்து வரைந்ததாக இருக்க வேண்டும். அரசு நில அளவையாளர் தாம்சனின் 1846 வரைபடம் மாதிரி. ஜாக்சன் திட்டம் பார்க்க அழகு. ஆனால் அது 1822இல் ‘நகரம் இப்படி அமையட்டும்’ என்று போட்ட திட்டம். அதிலுள்ள தெருக்கள் எல்லாம் தரைக்கு வரவில்லை. அளக்க உதவாது.

கியூஜிஐஎஸ்ஸில் இன்றைய வரைபடமான ஓப்பன்ஸ்டிரீட்மேப்பைத் திறந்து, கீழே வலது மூலையில் இபிஎஸ்ஜி 3414 என்று மாற்றுங்கள். சிங்கப்பூருக்கான ஆள்கூற்று முறை அது, கணக்கு மீட்டரில் வரும். பிறகு லேயர் மெனுவில் ஜியோரெஃபரன்சர், பழைய படத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்தும் கருவி. பழைய படத்தில் ஓர் இடத்தைச் சொடுக்கி, அதே இடத்தை இன்றைய வரைபடத்திலும் காட்ட வேண்டும்.

எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் 1827 முதல் அதே இடத்தில். அந்தத் தெருமுனை நல்ல புள்ளி. முதல் முறை நான் பழைய கரையின் வளைவைக் கொண்டுபோய் மீட்ட நிலத்தில் இருக்கும் ஷென்டன் வே சாலையின் ஓரத்தில் ஒட்டவைத்தேன். படம் பரோட்டா மாவு மாதிரி இழுபட்டது! எதை அளக்கப் போகிறோமோ அதில் ஆணி அடிக்கக் கூடாது.

படத்தைப் பொருத்தும் கணக்குமுறைகளில் ‘பாலினாமியல் 1’க்கு மூன்று புள்ளி போதும். நான் எட்டுக்குக் குறையாமல், நாலு மூலைக்கும் பரப்பி வைப்பேன். பட்டியலில் பிழை அதிகம் காட்டும் புள்ளியை மறுபடி பாருங்கள். எண் குறையட்டும் என்று மட்டும் அழிக்காதீர்கள். ‘தின் பிளேட் ஸ்பிளைன்’ என்ற இன்னொரு முறை எல்லாப் பிழையையும் பூஜ்யமாகக் காட்டும். ஏமாற வேண்டாம், தவறான புள்ளிக்கும் அது வளைந்துகொடுக்கும்.

அடுத்து படத்தை அரைகுறையாக மறைய வைத்து, புதிய கோட்டு லேயரில் கரையை வரையுங்கள். அதன் அட்டவணையில் ஆண்டுக்கு ஒரு பத்தி, சந்தேகத்துக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். 1:10,000 அளவில் அரை மில்லிமீட்டர் மைக்கோடு தரையில் 5 மீட்டர். அந்தக் கோடு கடல் ஏற்றத்தின் கரையா, வற்றத்தின் கரையா என்பதையும் சந்தேகப் பத்தியிலேயே எழுதுங்கள்.