கடுகு வெடிக்கும்போது உளுந்தைத் தேடாதீர்கள்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை எட்டடிக்கு ஏழடி. ஒரு பக்கம் கடப்பா கல் மேடை, எதிர்ச்சுவரில் நான்கு கல் தட்டுகள், மேலே ஒரு பரண். நானும் என் மாமியாரும் ஐந்து பேருக்கு இதில்தான் சமைக்கிறோம். இடம் சின்னது என்பதால் எது எங்கே இருக்க வேண்டும் என்று நிறையவே யோசிக்க வேண்டியிருந்தது.

புது டப்பா வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், ஒரு நாள் சாம்பார் வைக்கும்போது உங்கள் கால் எத்தனை தடவை நடக்கிறது என்று கவனியுங்கள். முதல் வருடம் என் பெருங்காயம் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது, உளுந்து கதவுக்குப் பின்னால். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து அடங்க அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் உளுந்து சிவந்து, வெந்தயம் விழுந்து, மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டாக வேண்டும். ஒன்றைத் தேடித் திரும்புவதற்குள் வெந்தயம் கறுத்துவிடும், அன்றைக்குச் சாம்பாரே கசக்கும். அதனால் தாளிக்கிற சாமான் மொத்தமும் அடுப்புக்கு வலது கைப்பக்கம், அஞ்சறைப் பெட்டியில்.

பெட்டியில் ஏழு கிண்ணம். அதிகம் எடுப்பது கடுகு, அது நடுவில். சுற்றிலும் உளுந்து, கடலைப்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், சோம்பு. மஞ்சள்தூளை நான் இதில் வைப்பதில்லை. ஒரு தடவை சிந்தினால் ஏழு கிண்ணமும் மஞ்சளாகிவிடும். பத்து நாளைக்கு வருகிற அளவுதான் நிரப்புவேன். அடுப்புச் சூடும் ஆவியும் படுகிற இடத்தில் கிலோக்கணக்கில் வைத்தால் வாசனை போய்விடும், தூள் வகை கட்டி தட்டும். மீதியெல்லாம் எதிர்த் தட்டில், எவர்சில்வர் சம்படத்தில். கண்ணாடி பாட்டில் பார்க்க அழகுதான், ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டு மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வெளுத்துப் போவதைப் பார்த்தபின் விட்டுவிட்டேன்.

தட்டுகளை ஆளைப் பார்த்து அடுக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, குனியக் கூடாது. குக்கர், மிக்ஸி ஜார், தோசைக்கல் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. கீழே அரிசி டிரம்மும் எண்ணெய் டின்னும். அவற்றை நான்தான் எடுப்பேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுக்கிற பெரிய பாத்திரங்கள் பரணில். முறுக்கு உழக்கின் அச்சுத் தட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு உழக்கோடு சேர்த்தே கட்டி வையுங்கள். பண்டிகைக்கு முந்தின ராத்திரி தேன்குழல் தட்டைத் தேடுவது பெரிய அவஸ்தை.

அடுத்தது, பழசின் மேல் புதுசைக் கொட்டவே கொட்டாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழை நேரத்தில், டப்பாவில் இரண்டு கைப்பிடி ரவை இருக்க, அவசரத்தில் புதுப் பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் ரவை நூல் நூலாகக் கட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே புழு. ஒரு கிலோவும் குப்பைக்குப் போனது. எனக்கு மனசே ஆறவில்லை. அடியில் கிடந்த பழைய ரவையும், டப்பா விளிம்பு மடிப்பில் ஒட்டியிருந்த தூளும்தான் காரணம். இப்போதெல்லாம் மிச்சத்தைத் தனியாக எடுத்து, டப்பாவைக் கழுவி, ஒரு முழு வெயிலில் காயவைத்த பிறகுதான் புதுசு உள்ளே போகும். மிச்சம் மேலே. ரவையை வாங்கின அன்றே நிறம் மாறாமல் வறுத்து, நன்றாக ஆறவிட்டு மூடுகிறேன். அரிசியில் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுவது அத்தையின் பழக்கம், அதையும் விடவில்லை. ஆனால் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் அது மட்டும் போதாது.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். காற்றாட, தனித்தனியாக இருக்கட்டும்.

ராத்திரி வேலை கால் மணி நேரம்தான், ஆனால் மறுநாள் காலை முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. பாத்திரம் தேய்த்த பின் சிங்க்கை ஈரமில்லாமல் துடைத்துவிடுவேன். கரப்பான் சோற்றுக்கு மட்டும் வருவதில்லை, தண்ணீருக்கும் வருகிறது. மேடைக்கு ஒரு துணி, சிங்க்குக்கு வேறு துணி; இரண்டையும் அலசிக் கொடியில் விரித்துப் போட வேண்டும், சுருட்டி வைத்தால் விடிவதற்குள் நாறும். அப்புறம் காஸ். ரெகுலேட்டரை மூடுவது அத்தையின் பொறுப்பு. மூடிவிட்டு "மூடியாச்சும்மா" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டபிறகுதான் நான் விளக்கை அணைப்பேன்.