சம்பளம் வரும் வரை சாப்பாடு: மிகக் குறைந்த செலவில் ஒரு நாளை ஓட்டும் கணக்கு

வெளிநாட்டில் வந்து இறங்கிய முதல் மாதத்தில் வாடகை முன்பணமும் போக்குவரத்துச் செலவும் கையிருப்பைக் கரைத்துவிடும். உடனே பலரும் செய்வது ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்துவதுதான். அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. எந்தப் பொருளில் காசுக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்று தெரிந்தால் மூன்று வேளையும் சாப்பிடலாம்.

கடையில் பொட்டல விலையைப் பார்க்காதீர்கள், கிலோ விலையைப் பாருங்கள். பல நாடுகளில் அலமாரி விளிம்பிலுள்ள சீட்டிலேயே பொடி எழுத்தில் கிலோவுக்கு அல்லது 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். உடனடி நூடுல்ஸ் மலிவு என்ற எண்ணம் அதைப் படிக்காததால் வருவது. சிறிய பொட்டலம் ஒன்றில் சுமார் 70 கிராம் இருக்கும். அதன் விலையை 14ஆல் பெருக்கினால் ஒரு கிலோவின் விலை வந்துவிடும். பக்கத்திலேயே அரிசி, ஓட்ஸ் விலையை வைத்துப் பாருங்கள், எது மலிவு என்று தெரிந்துவிடும். மசாலாப் பொடியும் அப்படித்தான்: சின்னக் கண்ணாடிப் புட்டியில் இருப்பதைவிடப் பிளாஸ்டிக் பையில் வருவது பெரும்பாலும் கிலோவுக்குப் பல மடங்கு குறைவு.

ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமே கொள்ளை விலையாகத் தெரியும். எது உண்மையில் மலிவு என்பது கண்ணில் படாது. வெண்டைக்காயும் முருங்கைக்காயும் விமானத்தில் வந்தவையாக இருந்தால் நாவை அடக்கிக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் விளைகிற முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் போதும்.

இனி ஒரு நாள் கணக்கு. 60 கிலோ எடையுள்ள, ஓரளவு நடந்து திரிகிற ஒருவருக்கு 2,000 கலோரிக்குச் சற்று மேலும், சுமார் 50 கிராம் புரதமும் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். 250 கிராம் அரிசியில் 900 கலோரியும் 17 கிராம் புரதமும் கிடைக்கும். 100 கிராம் பருப்பில் 350 கலோரி, 24 கிராம் புரதம். காலைக்கு 100 கிராம் ஓட்ஸ் அல்லது கோதுமை மாவு என்றால் இன்னொரு 360 கலோரி, 12 கிராம் புரதம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 240 கலோரி. ஒரு முட்டை, 200 மில்லி பால், 300 கிராம் காய்கறி மூன்றும் சேர்ந்து மிச்சத்தை நிரப்பும். மொத்தம் ஏறக்குறைய 2,100 கலோரி, 60 கிராமுக்கு மேல் புரதம். வாரத்துக்கு வாங்க வேண்டியது: அரிசி 1¾ கிலோ, பருப்பு 700 கிராம், ஓட்ஸ் அல்லது மாவு 700 கிராம், எண்ணெய் 210 மில்லி, 7 முட்டை, ஒன்றரை லிட்டர் பால், 2 கிலோ காய். மூட்டை தூக்கும் வேலை என்றால் இது பற்றாது. அரிசியையும் எண்ணெயையும் கூட்டி, ஒரு பிடி வேர்க்கடலையும் சேருங்கள்.

இதில் பலர் கைவைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பருப்பைக் குறைத்துச் சோற்றைக் கூட்டுவது. 350 கிராம் அரிசி போட்டாலும் அதிலிருந்து வரும் புரதம் 25 கிராம்தான். வயிறு நிறையும், ஆனால் தேவையில் பாதிதான் தேறும். இன்னொன்று, எண்ணெயைச் சுருக்குவது. காசுக்கு மிக அதிகக் கலோரி தரும் பொருள்களில் எண்ணெயும் ஒன்று, அதில் மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

உண்மையான சிக்கல் வேறு. பெரிய மூட்டை வாங்கினால்தான் கிலோ விலை குறையும், ஆனால் பெரிய மூட்டைக்கான பணம் கையில் இருக்காது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பெரிதாக வாங்க முயலாதீர்கள். முதல் வாரம் அரிசியை மட்டும் 5 கிலோ, மற்றவை சின்னப் பொட்டலம். இரண்டாம் வாரம் அரிசி மிச்சமிருக்கும், அந்தப் பணத்தில் பருப்பைப் பெரிதாக வாங்குங்கள். மூன்றாம் வாரம் எண்ணெய். ஒரு மாதத்தில் அலமாரி தானாக நிறைந்துவிடும். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தால் மூட்டையை முதல் நாளே பங்கு போடலாம். சமைப்பதையும் சேர்ந்து செய்வதா என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள். பண்டத்தைப் பிரிப்பது சுலபம். யார் எவ்வளவு சாப்பிட்டார் என்ற பேச்சு வந்தால் நட்பே கெடும்.

தோல் நீக்கிய மைசூர்ப் பருப்பு ஊறாமலேயே 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும், அதனால் எரிபொருளும் மிச்சம். 350 கிராமை மொத்தமாக வேகவைத்து ஏழு பங்காகப் பிரியுங்கள், நாளுக்கு இரண்டு பங்கு என்றால் மூன்றரை நாளுக்கு வரும். இரண்டு நாளுக்கு மேல் போவதை உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். பருப்பு வேகவில்லை என்றால் பெரும்பாலும் புளியோ தக்காளியோ முன்னதாகவே விழுந்திருக்கும். புளிப்பு பருப்பை இளகவிடாது, எனவே வெந்த பிறகே சேருங்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீரும் பழைய சரக்கும் இதே தொல்லையைத் தரும். ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும்.

டப்பாவில் வரும் பயறு வசதிதான், ஆனால் 400 கிராம் டப்பாவை வடித்தால் சுமார் 240 கிராம்தான் நிற்கும். 100 கிராம் காய்ந்த பயறு ஊறி வெந்தால் கிடைப்பதும் அவ்வளவே. சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம் தேவை. அதில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவிடுங்கள். மின்சார மெதுகுக்கரில் (ஸ்லோ குக்கர்) நேரடியாகப் போட்டால் நச்சு அழியும் அளவுக்குச் சூடு ஏறாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம்.

மீந்த சோற்றை அடுப்படியில் இரவு முழுக்க விடக்கூடாது. அரிசியிலுள்ள ஒரு வகைப் பாக்டீரியா சமையலிலும் பிழைத்து, வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

காய்கறிக்கு உறைந்த பட்டாணியும் கீரையும் நல்ல துணை: அழுகாது, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாலையில் கடைகள் விலை குறைத்து ஒட்டும் ரொட்டி, கோழி போன்றவற்றை அன்றே உறையவைத்தால் கெடாது. ஆனால் தேவையில்லாததை மலிவு என்பதற்காக எடுக்காதீர்கள்.

இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடாதவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையைச் செலவில் சேர்த்தே ஆக வேண்டும். சில நாடுகளில் சாதாரண உப்பில் அயோடின் சேர்ப்பதில்லை, பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இதற்கும் வழியில்லாத வாரம் வந்தால் இலவசமாக உணவுப் பொருள் தரும் உணவு வங்கியைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சில இடங்களில் நேரே போகலாம், சில இடங்களில் மருத்துவரோ கல்லூரியோ பரிந்துரைச் சீட்டு தர வேண்டும். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்பதை வாங்கும்போதே சொல்லுங்கள். சீக்கியர் கோயிலான குருத்வாராவில் யார் போனாலும் சாப்பாடு உண்டு, தலையை மூடிக்கொண்டு தரையில் அமர்ந்தால் போதும். அரசு உதவித்தொகை என்றால் மட்டும் விண்ணப்பிக்கும் முன் உங்கள் விசா நிபந்தனையைப் படித்துவிடுங்கள். சில விசாக்களில் அதை வாங்கத் தடை உண்டு.