லெதர் ஜாக்கெட்டுக்கு கை அளவு எடுக்கறப்ப
லெதர் ஜாக்கெட் தைக்க குடுக்கறீங்கன்னா கைய தொங்கவிட்டு நீளம் எடுக்காதீங்க, பைக் ஹேண்டில்பார் புடிச்ச மாதிரி முழங்கைய மடக்கி, தோள்பட்டை முனையிலருந்து முழங்கை மேல சுத்தி மணிக்கட்டு எலும்பு வரைக்கும் டேப்ப ஓட்டுங்க. தோல் துணி மாதிரி இழுத்துக் குடுக்காது, கை மடங்கினா ஸ்லீவ் மேல ஏறிடும், மார்கழி விடியக்காலைல கிருஷ்ணகிரிலருந்து ஓசூர் வேலைக்கு பைக்ல போறவங்களுக்கு அந்த கேப்லதான் குளிர் பூரும். பிரிச்சு தச்சுக்கலாம்னும் நெனைக்காதீங்க, தோல்ல ஊசி போட்ட ஓட்டை மூடவே மூடாது. மார்பு சுத்தளவு உள்ள போடற ஸ்வெட்டரோடயே எடுத்துருங்க (டெய்லர் வேணாம்னாலும் விடாதீங்க). முழங்கைல ஸ்ட்ரெச் துணி வச்ச ஜாக்கெட்டுக்கு இப்படி கைய மடக்கி அளவு எடுக்க தேவையில்ல, சும்மா ஃபங்ஷனுக்கு மட்டும் போடறதுன்னா தொங்கவிட்ட அளவே போதும், மடக்கி எடுத்தா கைய தொங்கவிடறப்ப ஸ்லீவ் உள்ளங்கை வரைக்கும் வந்து நிக்கும்.