ரேடோம் பூட்டும்போது செய்யக் கூடாத தவறுகள்

சென்னை ராஜாஜி சாலையில் போகிறவர்கள் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் ஒரு வெள்ளைப் பந்தைப் பார்த்திருப்பார்கள். 2002-இல் அங்கே டாப்ளர் வானிலை ரேடார் வைக்கப்பட்டது. புயல் காலத்தில் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பச்சை, மஞ்சள், சிவப்புத் திட்டுகள் அதுபோன்ற பந்துக்குள் சுழலும் ஆன்டெனா தரும் தகவல்கள். பந்துக்கு ரேடோம் என்று பெயர். காற்றும் மழையும் வெயிலும் ஆன்டெனாவைத் தொடாமல் காப்பது அதன் முதல் வேலை. தான் அங்கே இருப்பதே ரேடாருக்குத் தெரியாதபடி நடந்துகொள்வது இரண்டாம் வேலை. பூட்டும் இடத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவதை மறப்பதால் வருகின்றன.

பெரிய ரேடோமை ஒரே வார்ப்பாகச் செய்து லாரியில் ஏற்ற முடியாது. பலகை பலகையாகச் செய்து, கூரை மேல் கொண்டுபோய் போல்ட் போட்டு இணைக்கிறார்கள். பலகை என்பது இரண்டு மெல்லிய கண்ணாடி இழைத் தகடுகளும் நடுவில் கெட்டியான நுரையும். வெளித் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் உள் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி, அலைநீளத்தைக் கணக்கிட்டு நுரையின் தடிமனை வைத்திருப்பார்கள். வானிலை ரேடார்களில் எஸ் பேண்ட் என்றால் அலைநீளம் சுமார் 10 செ.மீ., சி பேண்டில் 5, எக்ஸ் பேண்டில் 3. ஆனால் பலகையின் ஓரத்தில், போல்ட் போகும் விளிம்பில், இந்தக் கணக்கு உடைகிறது. அங்கே நுரைக்குப் பதில் கெட்டியான இழை. ஆகவே மூட்டு எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும் அலைக்கு ஒரு தடைதான். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என அலை அதை இருமுறை கடக்கிறது. வடிவமைத்தவர் அந்தத் தடையை முடிந்தவரை சிறிதாக்கி அனுப்பியிருக்கிறார். பூட்டுகிறவர் அதைப் பெரிதாக்காமல் இருந்தால் போதும்.

முதல் தவறு பலகைகளை இடம் மாற்றிப் போடுவது. ஆரஞ்சுச் சுளைபோல மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் மூட்டுகள் வரும் ரேடோம்களும் உண்டு. அவற்றைச் செய்வது எளிது. ஆனால் ஒரே திசையில் அடுக்கிய மூட்டுகளின் சிதறல் ஒன்றுகூடி, வேண்டாத பக்கங்களில் கதிரைப் பெருக்கும். கிடைமட்ட, செங்குத்து அலைகள் இரண்டையும் ஒப்பிட்டு மழைத்துளியின் வடிவத்தை அறியும் இன்றைய ரேடார்களுக்கு இது பெரிய தொல்லை. அந்த ஒப்பீட்டில் 0.2 டெசிபல் பிசகே மழை அளவுக் கணிப்பைக் கெடுக்கும்; நேர்க்கோட்டு மூட்டுகளோ ஆன்டெனா சுழலச் சுழல ஒரு பிழையையும் கூடவே சுற்றவைக்கும். அதனால்தான் பல ரேடோம்களில் மூட்டுகள் எந்த ஒழுங்கும் இல்லாதவை போலக் கோணல்மாணலாக ஓடுகின்றன. அந்த ஒழுங்கின்மை கணக்குப் போட்டு வரைந்தது. பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், அளவில் சற்றே வேறுபடும். எண்ணைப் பார்க்காமல், "இதுவும் அதுவும் ஒன்றுதானே" என்று போட்டுவிட்டால் துளைகள் ஒட்டாது. அப்போது துளையை அகலப்படுத்தத் துரப்பணத்தைத் தேடுவார்கள். கிரேன் வருவதற்கு முந்தைய நாளே எல்லாப் பலகைகளையும் வரிசை வரிசையாகத் தரையில் பரப்பி, எண்களை வரைபடத்தோடு ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்ப்பது நல்லது. சலிப்பூட்டும் வேலைதான்.

அடித்தளம் பற்றி ரசமட்டம் பிடித்த எந்தக் கொத்தனாரும் சொல்வார். அடி வளையத்தில் 1.5 மீட்டர் அகலப் பலகைக்கு 2 மி.மீ. ஏற்றத்தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது அந்தச் சாய்வு 12 மி.மீ. ஆகிவிடும். போல்ட் துளை 12 மி.மீ. விலகினால் பூட்டவே முடியாது. வளையம் மட்டமாக இருந்தும் வட்டமாக இல்லாமல் போவதும் உண்டு. விட்டத்தை ஒரு திசையில் மட்டும் அளந்து திருப்திப்படக் கூடாது.

இனி, நான் அதிகம் கண்ட தவறு: போல்ட்டுகளை அவசரப்பட்டு முடுக்கிவிடுவது. முதல் வரிசை நின்றதும், கையில் டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகி) இருப்பதால், அதை இறுக்கிவிடத் தோன்றும். அடுத்த வரிசைக்கு நகர இடம் இல்லாமல் போகும். ஒவ்வொரு பலகையிலும் ஒளிந்திருக்கும் அரை மில்லிமீட்டர் பிசகுகள் எல்லாம் தள்ளிக்கொண்டே போய், உச்சியில் போடும் கடைசிப் பலகையில் சேர்ந்து நிற்கும். நான் முதன்முதலில் உதவியாளாக நின்ற ஒரு பணியில் கடைசிப் பலகை ஒரு விரல் அளவு நுழையவில்லை. விளிம்பை அரத்தால் ராவிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். நல்லவேளையாக மூத்தவர் ஒருவர், கீழே மூன்று வரிசையைத் தளர்த்தச் சொன்னார். அரை நாள் போயிற்று. பிறகு அந்தப் பலகை தானாகவே உட்கார்ந்தது. எல்லாப் போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருகிவைத்து, கூடு மூடிய பிறகு, செய்தவர் தரும் வரிசைப்படி இரண்டு மூன்று சுற்றாக முடுக்க வேண்டும். இடையில் காற்றுக்காக முன்கூட்டியே இறுக்க வேண்டிய இடங்கள் இருந்தால் கையேட்டில் சொல்லியிருப்பார்கள்.

முடுக்கும் அளவிலும் ஒரு கண் வேண்டும். இரும்புப் பாலத்தில் பழகிய கை, கண்ணாடி இழை விளிம்பை நொறுக்கிவிடும். 'கிரீச்' என்ற சிறு சத்தம் கேட்டால் உள்ளே இழை பிளந்துவிட்டது என்று பொருள்; வெளியே தெரியாது. அகலமான வாஷரை விட்டுவிட்டுப் போடுவதும் அதே சேதம்தான். எவர்சில்வர் என்று நாம் சொல்லும் துருவேறா எஃகு போல்ட்டுகள் கடற்கரைக்கு ஏற்றவை, ஆனால் வேகமாகத் திருகினால் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதற்கென உள்ள பசையைத் தடவலாம். தடவினால் உராய்வு குறையும், அதே டார்க் எண்ணில் போல்ட் கூடுதலாக இறுகும். எண் எந்த நிலைக்குச் சொல்லப்பட்டது, உலர்ந்த மரைக்கா பசையிட்டதற்கா என்று பார்க்காமல் ரென்சைத் தொடாதீர்கள்.

புதிதாகத் துளை போடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விளக்குக்கு, இடிதாங்கிக்கு, ஏணிக்கு என்று யாராவது ஒருவர் துளை கேட்டுக்கொண்டே இருப்பார். நுரைப் பகுதியில் துளைத்தால் வெட்டுவாய் வழியாக நீர் உள்ளே இறங்கும். கண்ணாடி இழையின் மின்காப்பு மாறிலி சுமார் 4, நுரையினுடையது 1-ஐ ஒட்டியது, தண்ணீருடையது கிட்டத்தட்ட 80. இந்த எண் கூடக் கூட அலைக்குத் தடையும் கூடும். ரேடாருக்கு ஈரப் பலகை என்பது அரைக்கண் மூடிய சுவர். எக்ஸ் பேண்டில் பாதிப்பு எஸ் பேண்டைவிடப் பல மடங்கு. தவிர்க்க முடியாத துளையை, செய்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, நுரையைச் சுரண்டி ரெசின் நிரப்பிய பிறகே போட வேண்டும். இடிதாங்கியின் கம்பியையும் யாரோ வசதிப்பட்ட இடத்தில் இறக்கிவிடக் கூடாது. உலோகம் கதிரின் பாதையில் நிற்கிறது. அதன் வழி வரைபடத்திலேயே இருக்கும்.

சீலண்ட், அதாவது மூட்டில் நீர் புகாமல் அடைக்கும் பசை, விஷயத்தில் தாராளம் வேண்டாம். போல்ட் சரியாகப் பிடிக்காத இடைவெளியைப் பசையால் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் ஊர்க் குழாய் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும். வெளியே பிதுங்கி நிற்கும் கனத்த பட்டை அலைக்கு மற்றொரு தடை. உள்ளே வெற்றிடம் இருந்தால் அடுத்த மழையில் அங்கே நீர் தங்கும். விளிம்பில் அச்சிலிருந்து வந்த மெழுகு ஒட்டியிருக்கும். அதைக் கரைப்பானால் துடைத்து, உலர்ந்த பிறகே பசை வைக்க வேண்டும். அதிகாலைப் பனி ஈரத்தில் வைத்த பசை பிடித்ததுபோல் தோன்றி, ஓராண்டில் நாடாவாக உரிந்து வரும். திறந்தால் காடி நெடி அடிக்கும் சிலிக்கோன் வகை, உலோக போல்ட்டுகளை அரிக்கும். எந்தச் சிலிக்கோனும் சிந்திய இடத்தில் பிறகு வண்ணப்பூச்சு ஒட்டாது. கையேட்டில் எழுதிய வகையைத் தவிர வேறு எதையும் கடையில் "இதுவும் அதேதான்" என்று வாங்காதீர்கள்.

ஒழுகலுக்கு அவசரமாக அலுமினிய நாடா ஒட்டுவது மன்னிக்க முடியாதது. உலோகத் துகள் கலந்த வெள்ளிப் பூச்சும் அப்படியே. மழை நிற்கும், ரேடார் கண்ணில் கீறல் விழும்.

காற்று. மூடிய பந்து வலுவானது, பாதி மூடிய கூடு பாய்மரம். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. முடிந்த ரேடோம்களுக்கே எல்லை உண்டு: 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவின் வானிலை ரேடாரைக் கூடோடு அழித்தது; 2020 ஆகஸ்டில் லாரா சூறாவளி அமெரிக்காவின் லேக் சார்ல்ஸ் ரேடாரை அதேபோலச் சிதைத்தது. அரைகுறைக் கூட்டுக்கு மாலைக் கடற்காற்றே போதும். நாள் முடிவில் எந்த வரிசையில் நிறுத்துவது, எங்கே கயிறு கட்டுவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் முடித்துவிடலாம் என்று அக்டோபரில் ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பூட்டி முடித்ததும் நண்பகலில் உள்ளே நின்று, விளக்குகளை அணைத்துவிட்டு மூட்டுகளை அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சமும் தெரியும், அதைச் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு வெளியிலிருந்து குழாய்த் தண்ணீர் பீய்ச்சுங்கள். சில வாரம் கழித்து வெயிலும் குளிரும் பட்டுத் தளர்ந்த போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். அன்றே ஒரு நாணயத்தால் விளிம்போரமாகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல இடம் 'டக்' என்று தெளிவாக ஒலிக்கும். 'தொப்' என்று மங்கிக் கேட்டால் தகடும் நுரையும் பிரிந்திருக்கலாம், நீர் இறங்கியிருக்கலாம். அந்தப் பலகையின் எண்ணை எழுதிவைத்துவிட்டு மழைக்கு முன் ஆளைக் கூப்பிடுங்கள்.